சிவப்புக்கட்டை

விசில் ஊதினால் இருந்த இடத்திலேயே நிக்கோணும். எங்கட வேலையின்ர முதல் சட்டம் அது.

அண்டைக்கு நீட்டுக்கு ஊதிச்சுது. நான் முழங்காலில இருந்தன். டிடெக்டரை மெல்லக் கீழ வைச்சிட்டுத் தலையைத் திருப்பினன்.

சத்தம் எனக்குப் பின்னால இருந்து வந்தது. பின்னால எண்டால் கண்ணிவெடி எடுத்து முடிஞ்ச பக்கம். வெள்ளைக்கட்டை நட்ட பக்கம். அங்க விசில் ஊத ஒரு தேவையும் இல்லை.

நாங்கள் முடிச்ச நிலத்தைத் திரும்பச் சோதிக்கிறதுக்கு வேற ஒரு ஆள் வருவார். அவர்தான் ஊதினவர். ஒரு கையை உயத்திப் பிடிச்சபடி நிண்டார். எங்கட அணிக்குப் பொறுப்பாளர் நேசன் அண்ணை அவரிட்டைப் போனார். குனிஞ்சு பாத்தார். கனநேரம் நிமிரேல்லை.

மிதிவெடி. சப்பாத்துப் பொலிஷ் டப்பா அளவு. அதுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில ரெண்டு குழி. முழங்கால் பதிஞ்ச குழி.

"இது ஆற்ற லேன்?" எண்டார் நேசன் அண்ணை. அவருக்குத் தெரியும். எண்டாலும் கேட்டார்.

"என்ர, அண்ணை," எண்டாள் கோமதி.

அவளின்ர முகக்கவசக் கண்ணாடிக்கு உள்ளால முகம் தெரியேல்லை. ஆவி படிஞ்சு போய் இருந்தது.

எங்கட வேலை

இந்தத் தொடரை வாசிக்கிற சிலருக்கு எங்கட வேலை என்னெண்டு தெரியாது. சுருக்கமாச் சொல்லுறன்.

காட்டை நீட்டு நீட்டாப் பிரிப்பினம். பாத்தி மாதிரி. அதுதான் லேன். ஒரு லேனுக்கு ஒரு ஆள். முன்னால குறுக்கால ஒரு தடி கிடக்கும். தடிக்கு அங்கால எமன், இஞ்சால நாங்கள். முழங்காலில இருந்து டிடெக்டரைத் தடிக்கு அங்கால ஆட்டுவம். சத்தம் வராட்டில் தடியைக் கொஞ்சம் தள்ளி வைப்பம். சத்தம் வந்தால் கிண்டிப் பாக்கோணும். ஆணியா இருக்கும், துப்பாக்கிச் சன்னக் கோதா இருக்கும், பால்பேணி மூடியா இருக்கும். கிண்டிப் பாக்காமல் போகேலாது.

வெடி கண்டால் சிவப்புக்கட்டை நடுவம். பொறுப்பாளரைக் கூப்பிடுவம். சிவப்புக்கட்டையைப் புடுங்கிறதுக்குப் பொறுப்பாளரைத் தவிர ஒருத்தருக்கும் உரிமை இல்லை. முடிஞ்ச நிலத்துக்கு வெள்ளைக்கட்டை.

நான் ஆறாம் வகுப்போட நிண்டவள். ஐயா கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டில இருந்து ஸ்கந்தபுரத்துக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர். எனக்குப் படிப்பும் இல்லை, காணியும் இல்லை. இந்த வேலைக்குப் படிப்புக் கேக்கேல்லை. கை நடுங்காட்டில் சரி எண்டிச்சினம்.

கோமதிக்கும் அதே கதைதான். துணுக்காய்ப் பெட்டை. புருசன் வெளிநாடு போனவன், ஒரு சத்தமும் இல்லை. தாய்க்குச் சீனி வருத்தம், ஒரு கால் எடுத்தாச்சு. பள்ளிக்கூடம் போற மகள் ஒண்டு. எல்லாம் அவளின்ர முழங்காலில.

நாய் இழுத்தது

நாங்கள் வேலை செய்யிற வெட்டையில கக்கூஸ் எண்டால் தோண்டின ஒரு கிடங்கும் சுத்திவரத் தறப்பாளும். பொம்பிளையளுக்கு ஒண்டு, ஆம்பிளையளுக்கு ஒண்டு.

மாதம் வாற நாளில கடை நாப்கின் வைச்சுக்கொண்டுதான் வேலை செய்தம். மேல கனத்த கவசம். கீழ தடிச்ச காற்சட்டை. நாள் முழுக்க முழங்காலில ஊர்ந்தால் அந்தப் பிளாஸ்ரிக் வேர்வையில ஒட்டிக்கொண்டு தொடை ரெண்டையும் உரிச்சுப்போடும். வீட்டை போய்த் தேங்காயெண்ணெய் பூசுவம். அடுத்த நாளும் அதே இடத்தில உரியும்.

எறியவும் இடமில்லை. கிடங்குக்குள்ள போட்டால் நாய் இழுக்கும். ஒருநாள் இழுத்தும் விட்டுது. ஆம்பிளையள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கொட்டிலுக்குக் கொண்டுவந்து போட்டுது. நேசன் அண்ணை எழும்பி மண்வெட்டியால மண் போட்டு மூடிவிட்டார். சோத்துப் பார்சலைத் திருப்பிக் கட்டினார். அவர் பிறகு சாப்பிடேல்லை.

சாமான் விலை ஏறின வருசம் நாப்கின் விலையும் ஏறிச்சுது. மகளுக்கு வாங்கிறதோ தனக்கு வாங்கிறதோ எண்டு கோமதி ரெண்டு மாதம் யோசிச்சாள். பிறகு தனக்கு வாங்கிறதை விட்டிட்டாள். பழைய சீத்தைத் துணியைக் கிழிச்சு வைச்சுக்கொண்டு வந்தாள். ஊர்ந்தால் துணி விலகும். அடிக்கடி எழும்பி எழும்பிப் போவாள். நேசன் அண்ணை பாப்பார், கேக்கமாட்டார்.

மாதர் சங்கத்துக் கூட்டம்

அந்த நேரம்தான் எங்கட ஊர் மாதர் சங்கத்துக்கு ஒரு இளம் பெண்பிள்ளை வந்தது. நல்ல பிள்ளை. தைச்ச துணி நாப்கின் கொண்டுவந்தது. கழுவிக் கழுவித் திரும்பப் பாவிக்கிறது. ரெண்டு பக்கமும் செட்டை மாதிரி. அதில அழுத்திற பட்டன். உள்ளாடைக்குக் கீழால மடிச்சுப் பூட்டினால் அசையாது.

"கழுவி நல்ல வெயிலில காயவிடுங்கோ," எண்டுது.

"எந்த வெயிலில பிள்ளை? ஆர் பாக்கிற வெயிலில?" எண்டு பின்னுக்கிருந்து ஒரு மனிசி கேட்டா. எல்லாரும் சிரிச்சினம். அந்தப் பிள்ளை சிவந்து போச்சுது.

ஆளுக்கு ஒரு பொதி தந்தது. நான் கோமதிக்கும் ஒண்டு கேட்டு வாங்கினன்.

பாவிச்சுப் பாத்தம். தொடை உரியேல்லை. ஊர்ந்தால் விலகேல்லை. கழுவுறதுதான் பாடு. கிணறு வத்தினால் பவுசர் வண்டியில வாற தண்ணிதான். குடிக்கிற தண்ணியில ரத்தம் கழுவ மனம் வராது. அரிசி கழுவின தண்ணியில ஊறவைச்சு, பிறகு கொஞ்சம் நல்ல தண்ணி விட்டு அலசுவன். கொடியில போட்டு மேல சாறியால மூடுவன். சாறிக்குக் கீழ வெயில் எங்க? காயிறதுக்கு ரெண்டு நாள் எடுக்கும். மழைக்காலத்தில காயாது. ஈரத்தோடயும் வைச்சுக்கொண்டு போயிருக்கிறன்.

எண்டாலும் கடைசிச் சண்டைக் காலத்தில இது இருந்திருந்தால் எண்டு நினைக்கிறனான். அப்ப பங்கருக்குள்ள என்னட்டை உரப்பை ஒண்டுதான் இருந்தது. உள்ளுக்குத் துணி இல்லை. உரப்பையை வெட்டி மணல் சுத்தி வைச்சன். பிறகு கடலேரிக்குள்ளால நடந்தம். இடுப்பளவு உப்புத் தண்ணி. வெட்டுப்பட்ட இடமெல்லாம் எரிஞ்சுது. எனக்குப் பக்கத்தில நடந்த ஆக்கள் எல்லாரும் கரை ஏறேல்லை. அந்தத் தண்ணியில ஆற்ற ரத்தம் எது எண்டு ஆருக்குத் தெரியும்.

இதை எழுத நினைக்கேல்லை. வந்திட்டுது. விடுவம்.

அந்தச் சொல்லு

ஒரு வருசம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எங்கட அணிப் பெண்கள் வான் பிடிச்சுப் போனம். கோமதியும் வந்தாள். வழியில அவளுக்கு வந்திட்டுது. துடக்கோட கோயில் வளவுக்குள்ள காலை வைக்கமாட்டாள். வானுக்குள்ளயே இருந்திட்டாள்.

வான்காரப் பெடியன் கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டான். "ஏன் அக்கா, அவா இறங்கேல்லையோ?"

என்ன சொல்லுறது. எங்கட அணியில வாய்க்காரி ஒருத்தி. அவள் சொன்னாள், "அவளுக்கு முன்னால சிவப்புக்கட்டை நட்டிருக்கு தம்பி. தாண்டேலாது."

நாங்கள் சிரிச்ச சிரிப்பில அவன் கதவை விட்டிட்டுப் போயிட்டான். கோமதியும் உள்ளுக்கிருந்து சிரிச்சாள்.

அண்டையில இருந்து எங்களுக்கு அது சிவப்புக்கட்டைதான். "எனக்கு இண்டைக்குச் சிவப்புக்கட்டையடி," எண்டு ஆம்பிளையளுக்கு நடுவில நிண்டும் சொல்லலாம். வேலைக் கதை எண்டு நினைப்பினம். எங்களுக்கெண்டு ஒரு சொல்லு இருந்தது நல்லாத்தான் இருந்தது.

பொக்கற்

கோமதி பத்து மணித் தேத்தண்ணிக்கு வந்தால் நாப்கினை மாத்துவாள். பாவிச்சதைச் சின்னதா மடிச்சுப் பட்டனைப் பூட்டி, ஒரு பையில சுத்தித் தொடைப் பொக்கற்றுக்குள்ள வைப்பாள். எல்லாற்ற பையும் ஒரே கொட்டிலில தொங்கும். நாய் வந்த நாளில இருந்து அவள் அதுக்குள்ள வைக்கமாட்டாள்.

ஒருநாள் தேத்தண்ணி நேரம் என்ர காதுக்குள்ள சொன்னாள்.

"அக்கா, என்ர பொக்கற்றுக்குள்ள கண்ணிவெடி."

"என்னடி?"

"டிடெக்டரை முழங்கால் பக்கம் இழுக்கேக்க கத்துது. கிண்டு கிண்டெண்டு கிண்டினன். ஒண்டுமில்லை. பிறகு பாத்தால் இந்தப் பட்டன். இரும்பெல்லோ!"

ரெண்டு பேரும் தேத்தண்ணி புரைக்கேறச் சிரிச்சம்.

"கொட்டிலில கொண்டுபோய் வையடி," எண்டன்.

"நாய்க்கோ?"

எனக்கும் வேற இடம் தெரியேல்லை. பிளேன்ரீயைக் குடிச்சிட்டு எழும்பிப் போனம்.

அதுக்குப் பிறகு தடிக்குக் கிட்ட சத்தம் வந்தால் அவள் அதைப் பொக்கற் எண்டு நினைச்சிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் இல்லை. அந்த ஒரு முறை. அது பொக்கற் இல்லை. தடியைத் தள்ளி வைச்சிட்டு அதுக்குப் பக்கத்தில முழங்காலை ஊண்டியிருக்கிறாள்.

ஒரு சாண்.

கொண்டெய்னர்

கிழமை முடியிறதுக்குள்ள விசாரிக்கிறதுக்கு எங்கட நிறுவனத்தின்ர பெரிய அதிகாரி வந்தார், நாங்கள் சேர் எண்டு கூப்பிடுற ஆள். வெட்டைக்கு வெளியால இருக்கிற கொண்டெய்னர்தான் ஒப்பீஸ். ஒரு மேசை, கதிரையள், ஒரு காத்தாடி. உள்ளுக்குச் சேர், நேசன் அண்ணை, கோமதி. பக்கத்து லேன் எண்டபடியால் என்னையும் கூப்பிட்டவை.

சேர் கத்திற ஆள் இல்லை. தன்மையாத்தான் கேட்டார்.

"டிடெக்டர் பிழையோ?"

"இல்லை சேர்."

"அப்ப என்னெண்டு விட்டனீர்? சத்தம் கேக்கேல்லையோ?"

கோமதி குனிஞ்சுகொண்டு நிண்டாள். ரெண்டு ஆம்பிளையள் முன்னால. அவளிட்டை அதுக்கு இருந்த சொல்லு ஒண்டுதான். அது வந்திட்டுது.

"அண்டைக்கு எனக்குச் சிவப்புக்கட்டை, சேர்."

சேர் நிமிர்ந்தார். "என்ன? சிவப்புக்கட்டை நட்டனீரோ?"

அவள் வாயைத் திறந்தாள். திரும்ப மூடினாள்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே!" சேர் கதிரையை நேசன் அண்ணையின்ர பக்கம் திருப்பினார். "சிவப்பு நட்ட இடம் எப்பிடி வெள்ளையாச்சு? சிவப்பைப் புடுங்கிறது நீர்தானே?"

நேசன் அண்ணைக்கு வலக்கையில மூண்டு விரல் இல்லை. இந்த வேலையை விட்டால் அவரை ஒருத்தரும் எடுக்கமாட்டினம். அவற்ற முகம் கறுத்துப் போச்சு.

"அங்க கட்டை இருக்கேல்லை சேர். நான் புடுங்கேல்லை. என்ர பிள்ளையள் மேல ஆணையாச் சொல்லுறன்."

"அப்ப இந்தப் பிள்ளை பொய் சொல்லுதோ?"

நேசன் அண்ணை கோமதியைப் பாத்தார். அவள் நிலத்தைப் பாத்தாள்.

"சரி, நீர் போம்," எண்டார் சேர் அவளுக்கு. "உம்மில பிழையில்லை. நாளைக்கு வேலைக்கு வாரும். நேசன், நீர் நில்லும்."

கோமதி போனாள். கதவில கையை வைச்சாள். இரும்புக் கதவு, வெயிலுக்குச் சுட்டிருக்கும். கையை எடுக்கேல்லை.

திறந்துகொண்டு போகலாம். போனால் வேலை இருக்கு. தாய்க்கு ஊசி இருக்கு. நான் பேசாமல் நிண்டன். அவளின்ர வாயால வரவேண்டிய கதை அது.

"சேர்," எண்டாள். திரும்பேல்லை. கதவைப் பாத்துத்தான் சொன்னாள். "அது கட்டை இல்லை."

"பிறகென்ன?"

"எனக்கு அண்டைக்கு ரத்தம் போற நாள். மாதத்தில வாறது. அதைத்தான் நாங்கள் பெட்டையள் அப்பிடிச் சொல்லுறது. அண்ணை ஒண்டும் புடுங்கேல்லை."

பிறகு அவள் பொக்கற், பட்டன் எல்லாத்தையும் ஒரே மூச்சில சொல்லி முடிச்சாள்.

சேர் நம்பேல்லை. "ஒரு பட்டனுக்கோ?"

என்ர பையில கழுவின ஒண்டு இருந்தது. எடுத்து மேசையில வைச்சன். நீலத்தில சின்ன மஞ்சள் பூப் போட்ட துணி. சேர் மேசையில இருந்த தன்ர கையை எடுத்தார்.

"டிடெக்டரைக் கொண்டுவாரும்," எண்டார்.

"இஞ்ச பாக்கேலாது சேர்," எண்டார் நேசன் அண்ணை. "கொண்டெய்னர் முழுக்க இரும்பு."

வெளியில வந்தம். தேத்தண்ணி நேரம். கொட்டிலில முழு அணியும் இருந்தது. நான் அந்த நாப்கினை மடிச்சுப் பூட்டி எல்லாருக்கும் முன்னால மண்ணில வைச்சன். நேசன் அண்ணை டிடெக்டரை அதுக்கு மேலால கொண்டுபோனார்.

கத்திச்சுது.

"பரமேஸ் அக்கா என்ன கண்டுபிடிச்சிருக்கிறா?" எண்டு ஒருத்தன் என்னைப் பாத்துச் சிரிச்சான்.

"வாயைப் பொத்து," எண்டார் நேசன் அண்ணை. அவர் அப்பிடிக் கதைச்சு நாங்கள் கேட்டதில்லை.

சேர் குனிஞ்சு நாப்கினைப் பாத்தார். பிறகு சொன்னார், "நேசன், நீர் வேலையைப் பாரும்." கோமதியின்ர பக்கம் திரும்பினார். "சத்தம் வந்தால் கிண்டோணும் பிள்ளை. பொக்கற்றோ நிலமோ எண்டு நீர் முடிவெடுக்கேலாது. சோதிக்க வந்த ஆளின்ர கால் போயிருந்தால்? நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்."

அவர் சொன்னதில பிழையில்லை.

"ஓம் சேர்," எண்டாள்.

கவசத்தைக் கழட்டினாள். கண்ணாடியைத் துடைச்சு மேல வைச்சாள். கொட்டிலில தொங்கின பையை எடுத்துக்கொண்டு றோட்டுக்கு நடந்தாள். நான் நாப்கினில ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு நிண்டன்.

துணுக்காயில

பிறகு ஒருக்கா அவளைத் துணுக்காயில பாத்தன். ஆற்றயோ வயலில புல்லுப் பிடுங்கிக்கொண்டு நிண்டாள். வரம்பில இருந்து கதைச்சம்.

"வாசல் மட்டும் போயிட்டாய்தானே. ஏனடி திரும்பினனி?"

"போயிருப்பன் அக்கா. அண்ணை பிள்ளையள் மேல ஆணை வைச்சிட்டார்." காலில ஏறின அட்டையைப் பிடுங்கி எறிஞ்சாள். "மற்றது, எனக்குக் கோவமும் வந்திட்டுது. சேர் அவ்வளவு படிச்ச மனிசன், நான் என்ன சொல்லுறன் எண்டு விளங்கேல்லை."

"நேசன் அண்ணை வந்தவரோ?"

"ஒருக்கா வந்தவர். அம்மாவோட இருந்து மழையைப் பற்றிக் கதைச்சிட்டுப் போனார். என்னைப் பாக்கேல்லை."

"இப்பவும் அந்தத் துணிதானோ?"

"ஓம். வயலுக்குள்ள ஆர் டிடெக்டர் கொண்டாறது?" எண்டு சிரிச்சாள்.

எனக்குச் சிரிப்பு வரேல்லை.

காலமைப் பரேட்

அவள் போன அண்டு பின்னேரமே நாங்கள் எல்லாரும் பிளேடால பட்டனுகளை வெட்டி எடுத்தம். நாடா வைச்சுத் தைச்சம். ஒரு பொட்டு இரும்பு இல்லை. நேசன் அண்ணைக்கும் சொன்னம். அவர் மேலிடத்துக்குச் சொல்லுறன் எண்டார்.

மேலிடத்தில இருந்து வேற சட்டம் வந்தது. மாத நாளில பெண்கள் லேனுக்குள்ள இறங்கக்கூடாது. பொறுப்பாளர் காலமை கேக்கோணும். உள்ளவை கொட்டிலில இருக்கலாம். அண்டைய சம்பளம் இல்லை.

எங்கட அம்மா என்னை மூண்டு நாள் குசினிக்கு வெளியில இருத்தினவா. தனிக் கோப்பை, தனிப் பாய். அதுக்குப் பேர் துடக்கு. இதுக்குப் பேர் பாதுகாப்பு.

அடுத்த நாள் காலமை வரிசையில நிண்டம். பனி விலகேல்லை. ஆம்பிளையள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். நேசன் அண்ணை முன்னால வந்து நிண்டார். தன்ர சப்பாத்தைப் பாத்தார். அந்தச் சொல்லு இப்ப அங்க நிண்ட எல்லாருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லேல்லை.

"இண்டைக்கு... ஆருக்காவது உண்டோ?"

ஒருத்தியும் அசையேல்லை. ஆம்பிளையள் பக்கத்தில ஆரோ இருமினான். நேசன் அண்ணை திரும்பக் கேட்டார். இந்த முறை சத்தம் இன்னும் குறைவு.

"ஒருத்தருக்கும் இல்லை, அண்ணை," எண்டன் நான்.

எனக்கு அண்டைக்கு ரெண்டாம் நாள்.